வெப்காமிரா இருந்தால் டாக்டர் வந்துவிடுவாரா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி வெப்காமிராவும் மாட்டியவர்கள் பலர் கேட்கும் கேள்வி: "இனி ஸ்பெஷலிஸ்ட் டாக்டரை வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம் அல்லவா?" பார்க்கலாம். ஆனால் அந்த டாக்டரும் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் பார்ப்பார். அந்த ஒருவர் யார் என்பதைக் காமிரா முடிவு செய்வதில்லை. டாக்டருக்குப் பணம் எந்த வழியில் வருகிறது என்பதுதான் முடிவு செய்கிறது.

தேனி அரவிந்த் கண் மருத்துவமனையை, சுற்றியுள்ள ஊர்களின் கண் பரிசோதனை மையங்களோடு 2006 வாக்கில் வை-ஃபை மூலம் இணைத்தார்கள். நம் வீட்டு வை-ஃபை அடுத்த தெருவுக்கே எட்டாது; அங்கோ பல கிலோமீட்டர்! கோபுரங்களில் ஆன்டெனாக்களை நேருக்கு நேர் வைத்தால் மட்டும் போதாது. சாதாரண வை-ஃபை ஒரு பாக்கெட்டை அனுப்பிவிட்டு, அது வந்து சேர்ந்ததா என்ற பதிலுக்குக் காத்திருக்கும். தூரத்தால் பதில் தாமதமானால், தொலைந்துவிட்டது என்று எண்ணி மீண்டும் அனுப்பும். பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த விதியையே மாற்றி எழுதினார்கள். பிறகு, நோயாளி தன் ஊர் மையத்தில் உட்கார்ந்தபடியே தேனி டாக்டரிடம் பேச முடிந்தது. கூலி வேலைக்குப் போகிறவருக்கு இது சின்ன விஷயமல்ல. பஸ் கட்டணமும், தனக்கும் துணைக்கு வருபவருக்கும் போகிற ஒருநாள் கூலியும்தான் அவர் கொடுக்கும் உண்மையான ஃபீஸ்.

சாப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன் நான். பெருமை முழுவதும் சாப்ட்வேருக்கே என்று சொல்ல ஆசைதான். ஆனால் திரையில் டாக்டர் "ஆபரேஷன் வேண்டும்" என்று சொன்ன பிறகு? கையில் காசில்லாவிட்டால் படம் எவ்வளவு தெளிவாகத் தெரிந்து என்ன பயன்?

அதற்கான விடை 1976-லேயே மதுரையில் தொடங்கிவிட்டது. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் அரவிந்தைத் தொடங்கினார். வசதி உள்ளவர் கட்டணம் கொடுப்பார். அந்த வருமானத்தில் இல்லாதவருக்கு இலவச ஆபரேஷன். டாக்டரின் நேரமும் வீணாகாது. ஒரு மேஜையில் ஆபரேஷன் நடக்கும்போதே, பயிற்சி பெற்ற பெண்கள் பக்கத்து மேஜையில் அடுத்தவரைத் தயார் செய்துவிடுவார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் இறக்குமதியில் விலை அதிகம் என்றதும், 1992-ல் ஆரோலேப் மூலம் தாங்களே தயாரித்தார்கள்.

இதையே எல்லா நோய்க்கும் செய்துவிடலாம் என்று நான் நம்பவில்லை. கண்புரை ஆயிரக்கணக்கானவர்களுக்கு வருகிறது, ஆபரேஷனும் சீக்கிரம் முடிகிறது. அதனால் கணக்கு சரியாக வருகிறது. அபூர்வ நோய்க்குக் கட்டணம் கொடுக்கக்கூடியவர்களே நாலைந்து பேர்தான் இருப்பார்கள். அங்கே வரிப்பணத்தில் டாக்டருக்குச் சம்பளம் கொடுப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. மத்திய அரசு 2019-ல் தொடங்கிய இ-சஞ்சீவனி இந்த வழியில்தான் கட்டணம் வாங்காமல் நடக்கிறது. அதிலும் மறுமுனையில் போதுமான டாக்டர்களை உட்கார வைத்தால்தான் நம் வரிசை நகரும்.