மழை வருமா என்று கேட்க முகவரி எதற்கு?

மழை வருமா என்று பார்க்கச் செயலியைத் திறந்தால், அது முதலில் நம் இருப்பிடத்தைக் கேட்கிறது. 'எப்போதும் அனுமதி' என்பதைத் தொட்டுவிட்டால், இரவில் எங்கே உறங்குகிறோம், எந்த மருத்துவமனைக்குப் போய்வருகிறோம் என்பதெல்லாம் அதற்குத் தெரிந்துவிடும். இது வீண் பயமல்ல. 2019 ஜனவரியில் 'வெதர் சேனல்' என்ற வானிலைச் செயலியை நடத்தும் நிறுவனம் மீது லாஸ் ஏஞ்சலிஸ் நகர வழக்கறிஞர் வழக்குத் தொடுத்தார். பயனர்களின் நடமாட்டம் வணிகத்துக்குப் பயன்படுவதைச் செயலி மறைத்தது என்பது குற்றச்சாட்டு. அடுத்த ஆண்டு வழக்கு சமரசத்தில் முடிந்தது.

இத்தனைக்கும் கணிப்புக்கு நம் முகவரி தேவையே இல்லை. அமெரிக்க அரசின் ஜிஎஃப்எஸ் என்ற கணிப்பு மாதிரி உலகம் முழுவதற்கும் நாளைக்கு நான்கு முறை கணித்து, அதைச் சுமார் 25 கிலோமீட்டர் கட்டங்களாக எல்லாருக்கும் இலவசமாகத் தருகிறது. ஜெர்மனியும் தன் கணிப்பை இலவசமாகத் தருகிறது. 'ஓப்பன் மீட்டியோ' என்ற திறமூல மென்பொருளை வீட்டுக் கணினியில் நிறுவினால், மழை, வெப்பநிலை என வேண்டியதை மட்டும் இறக்கிக்கொள்ளும். வருவது உலகத்துக்கே பொதுவான கோப்பு. அதில் நம் ஊர் எது என்று தேடுவது வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. வானொலியில் வானிலை அறிக்கை கேட்பவர் எந்த ஊரின் மழையை அறியக் கேட்கிறார் என்று நிலையத்துக்குத் தெரியாததைப் போலத்தான் இதுவும்.

இருப்பிட அனுமதியை மறுத்து ஊர்ப் பெயரைத் தட்டினால் போதாதா என்று கேட்கலாம். பலருக்கு அதுவே நல்ல முதல் படி, இன்றே செய்யலாம். ஆனாலும் இணைய முகவரியும் விளம்பர அடையாள எண்ணும் செயலியின் கைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும். வீட்டுக் கணினி காட்டும் கணிப்பில் துல்லியம் குறையாதா என்பது இன்னும் கனமான கேள்வி. அன்றாட வெயிலுக்கும் தூறலுக்கும் பெரிய வேறுபாடு இராது. பல செயலிகள் காட்டுவதும் இதே மாதிரிகளின் கணக்கைத்தான். ஆனால் 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அத்தகைய மழைக்கு 25 கிலோமீட்டர் கட்டம் உதவாது. புயல், வெள்ள நாள்களில் வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கையையே நம்ப வேண்டும். வீட்டுக் கணினி அதற்கு மாற்று அல்ல.

எல்லாராலும் இதை நிறுவ முடியாது என்பதும் உண்மை. ஆனால் தரவு திறந்திருந்தால், தெரிந்த ஒருவர் தன் தெருவுக்கே செய்து கொடுக்கலாம். ஒரு பள்ளியோ நூலகமோ ஊருக்குச் செய்யலாம். இந்திய வானிலைத் துறை 2025 மே மாதம் 6 கிலோமீட்டர் கட்டத்தில் இயங்கும் 'பாரத்' கணிப்பு முறையைத் தொடங்கியது. மக்கள் வரிப்பணத்தில் உருவான அந்தக் கணிப்பின் முழு எண் தரவும், பெயரோ கைபேசி எண்ணோ கேட்காமல், யாரும் இறக்கிக்கொள்ளும்படி இருக்க வேண்டும். துறை அதை உறுதிசெய்ய வேண்டும்.