வண்டிக்கு ஊற்றும் எண்ணெய்க்கும் தராசு வேண்டும்

ஐம்பது கிராம் சீரகம் நிறுக்கும்போதும் தராசு முள் நேராக நிற்கிறதா என்று பார்ப்பவர்கள் நாம். மூட்டையில் அரைக் கிலோ குறைந்தால் மண்டிக்காரரிடம் கணக்குக் கேட்காமல் விடுவதில்லை. அப்படிப்பட்ட நாம், தவணை கட்டி ஓட்டும் சரக்கு வண்டிக்கு என்ன எண்ணெய் ஊற்றப்படுகிறது என்று மட்டும் கேட்பதில்லை. "பார்த்து ஊற்றுங்கள்" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுகிறோம்.

2005-இல் டாடா ஏஸ் வந்த பிறகு, 'குட்டி யானை' இல்லாத கடைத்தெரு இல்லை என்றாகிவிட்டது. ஜெகதாப்பட்டினத்திலும் அறந்தாங்கியிலிருந்து மளிகை வருவதும், கரையிலிருந்து மீன் போவதும் இத்தகைய வண்டிகளை நம்பித்தான். ஒருநாள் வண்டி வழியில் நின்றால் ஐஸ் கரையும், மீன் கெடும், கடையில் சரக்கு இருக்காது. எஞ்சின் ஆயிலை நினைவாக மாற்றுகிறோம். பின் அச்சின் நடுவே உருண்டையாகத் தொங்கும் டிபரன்ஷியலை, மெக்கானிக்குகள் 'கிரவுன்' என்று சொல்வதை, சத்தம் வரும்வரை மறந்துவிடுகிறோம்.

சத்தம் வந்ததும் சொல்லப்படும் வைத்தியம் ஒன்றுதான்: "90 வேண்டாம், 140 போடுங்கள். தடியாக இருந்தால்தான் தாங்கும்." இந்த நம்பிக்கையைத்தான் நாம் மறுக்கிறோம்.

முதலில் எண்ணைப் புரிந்துகொள்வோம். டப்பாவில் '85 டபிள்யூ 140' என்றிருந்தால், டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. 85 டபிள்யூ என்பது மைனஸ் 12 டிகிரி குளிரில் வைத்துச் சோதிக்கப்படுவது. அந்தக் குளிர் நம் கடற்கரைக்கு ஒருநாளும் வராது. நமக்கு முக்கியம் பின் எண். அது 100 டிகிரி சூட்டில் எண்ணெயின் தடிப்பை அளந்து தரும் எண். 90 என்றால் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக் வரை. 140 என்றால் 24 முதல் 32.5 வரை. ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு தடிப்பு. எஞ்சின் ஆயிலின் 40-ஐயும் கியர் ஆயிலின் 90-ஐயும் ஒப்பிட்டுக் குழம்பவும் வேண்டாம். இரண்டுக்கும் தடிப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான், அளவுகோல்தான் வேறு. ஒன்றை மரக்காலால் அளந்து, மற்றதைக் கிலோவில் நிறுத்தது போல.

தேவைக்கு மேல் தடித்த எண்ணெயைக் கிளறிச் சுழற்றவே பற்சக்கரங்கள் சக்தியைச் செலவழிக்கின்றன. அது சூடாகிறது, டீசலும் கூடுதலாகப் போகிறது. தடித்த எண்ணெய் பேரிங்குகளின் இடுக்குகளுக்குள் போகவும் தாமதமாகும்.

அதைவிட முக்கியம் ஜி.எல். எண். மூட்டையின் எடை சரியாக இருந்தால் போதுமா? உள்ளே இருப்பது பொன்னியா குருணையா என்று பார்க்க வேண்டாமா? பல சரக்கு வண்டிகளின் டிபரன்ஷியலில் பினியன் சற்றுக் கீழே தள்ளி அமைந்திருக்கும். அதற்கு ஹைப்பாய்டு என்று பெயர். அங்கே பற்கள் உருள்வதோடு ஒன்றின்மேல் ஒன்று வழுக்கித் தேய்க்கவும் செய்யும். அந்த அழுத்தத்தைத் தாங்குவது தடிப்பு மட்டுமல்ல. எண்ணெயில் கலந்துள்ள கந்தக, பாஸ்பரஸ் மருந்துகள். ஜி.எல்.-5 தரத்தில் இவை கூடுதல். மருந்தில்லாத 140-ஐ விட, தரமான ஜி.எல்.-5 வகை 90 பல்லைக் காக்கும்.

ஆனால் ஜி.எல்.-5 எல்லாவற்றுக்கும் ஆகாது. சில கியர்பாக்ஸ்களின் பித்தளை வளையங்களை அது அரிக்கக்கூடும். மூன்று சக்கர வண்டிகள் பலவற்றில் கியர்பாக்ஸும் டிபரன்ஷியலும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் அங்கே கூடுதல் கவனம் வேண்டும்.

140 கூடவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. அதையே கேட்கும் கனரக லாரிகள் உண்டு. வண்டிப் புத்தகம் இரண்டையும் அனுமதித்தால், வெயிலிலும் முழுப் பாரத்திலும் ஓடும் வண்டிக்குத் தடித்ததைத் தேர்ந்தெடுப்பது நியாயமே. அந்த முடிவைப் புத்தகம் சொல்ல வேண்டும். சத்தம் சொல்லக் கூடாது. தேய்ந்த பல்லின் சத்தத்தைத் தடித்த எண்ணெய் சில காலம் அமுக்கும்; தேய்மானத்தைத் திருப்பித் தராது. பழைய வண்டி வாங்கும் அன்பர்களுக்கு இது எச்சரிக்கை: சத்தமில்லாத கிரவுன் எல்லாம் நல்ல கிரவுன் அல்ல.

நம் ஊருக்கென்று ஒரு பகை உண்டு. அது உப்புத் தண்ணீர். ஓடிச் சூடேறிய அச்சை நீரில் இறக்கினால் உள்ளே உள்ள காற்று சுருங்கும். பிரீதர் வழியாகவோ தேய்ந்த சீல் வழியாகவோ நீரை உள்ளே இழுக்கும். எண்ணெய் பால் போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது என்று பொருள். அப்போது எண்ணும் உதவாது, விலையும் உதவாது. எல்லாவற்றையும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். கஜா போன்ற புயலில் வண்டி தண்ணீரில் நின்றிருந்தாலும் இதே விதிதான். அளவுக்கு மேல் ஊற்றுவதும் ஆபத்து: சீல் வழியே கசிந்து பிரேக்கில் படிந்தால், பறிபோவது பணம் மட்டுமல்ல.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் பழுது பார்க்கப்படும் அந்த 61 நாட்களில் நம் வண்டிகளையும் ஒருநாள் தூக்கி நிறுத்தலாமே. புத்தகத்தில் உள்ள எண்ணையும் ஜி.எல். தரத்தையும் ஒரு சீட்டில் எழுதி வண்டியில் ஒட்டுவோம். முத்திரை உடையாத டப்பாவைக் கண்முன் திறக்கச் சொல்வோம். ஊற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் பேரேட்டில் வரவு வைப்பது போல் குறித்து வைப்போம். வண்டிவாரியாக எண்ணெய்ப் பட்டியல் ஒன்றைச் சங்க அலுவலகத்தில் மாட்டி வைத்தால் எல்லோருக்கும் பயன்படும்.

சிறிய வண்டிக்கு ஒன்றிரண்டு லிட்டர் எண்ணெய்தான் தேவை. அதில் மிச்சம் பிடிக்கப் பார்த்துக் கிரவுன், பினியன் இரண்டையும் மாற்றும் செலவுக்கு ஆளாவது வியாபாரம் ஆகாது. கணக்குப் பார்ப்பது நம் தொழில். கல்லாவில் பார்க்கும் அந்தக் கணக்கை வண்டிக்கு அடியிலும் பார்ப்போம்.