வறுமைக்கு எதற்குப் பாராட்டு?

ஹிப்-ஹாப்பை வறுமை பெற்றெடுத்தது என்பார்கள். வறுமைக்கு எதற்கு அந்தப் பெருமை? நியூயார்க்கின் பிராங்ஸை விரைவுச்சாலை பிளந்தது, குடியிருப்புகள் எரிந்தன, 1975 நிதி நெருக்கடியில் பள்ளிகளின் இசை வகுப்புகளும் வெட்டுப்பட்டன. இவை பறித்தவை. கொடுத்தவர்கள் மனிதர்கள். 1971-இல் தெருக்கும்பல்கள் சமாதானம் பேசின. இளைஞர்கள் அடுத்த பேட்டைக்குப் பயமின்றிப் போக வழி பிறந்தது. ஜமைக்காவிலிருந்து குடியேறிய கூல் ஹெர்க், பெரிய ஒலிபெருக்கிகளுடன் தெருவில் பாட்டுப் போடும் சொந்த ஊரின் சவுண்ட் சிஸ்டம் மரபைக் கொண்டுவந்தார். ஹிப்-ஹாப் பிறந்த நாளாகச் சொல்லப்படும் 1973 ஆகஸ்ட் 11 அன்று, பள்ளி திறப்புக்குத் துணி வாங்கத் தங்கை சிண்டி காசு திரட்டிய விருந்தில் இசைத்தட்டு சுழற்றியவர் அவரே. பாட்டில் தாளம் மட்டும் ஒலிக்கும் துண்டை இரண்டு தட்டுகளில் மாற்றி மாற்றி நீட்டும் உத்தியும் அவருடையது. இதையெல்லாம் மறந்து இல்லாமையைக் கொண்டாடினால், அடுத்த இசை வகுப்பை மூடுகிறவருக்கு நாமே சாக்கு எடுத்துக் கொடுக்கிறோம்.