ஆக்டிங் டிரைவர்

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு விழுப்புரத்திலிருந்து அக்காவின் போன்.

"ஏண்டா, நேத்து வந்து என்ன பண்ணிட்டுப் போனே? கம்ப்யூட்டர் கறுப்பா கெடக்கு. பொண்ணு சாப்பிடாம அது முன்னாடியே உட்கார்ந்திருக்கா!"

எனக்கு அப்போதே அடிவயிற்றில் ஏதோ செய்தது.

நான் பி.காம். பற்று, வரவு தவிர வேறெதையும் முறையாகப் படித்தவனில்லை. ஆனால் சில வருஷமாக லினக்ஸ் உபயோகிக்கிறேன் என்ற ஒரே தகுதியில், திண்டிவனம் - விழுப்புரம் வட்டாரச் சொந்தபந்தங்களுக்கு நான்தான் கம்ப்யூட்டர் டாக்டர். ஃபீஸ், ஒரு டம்ளர் காபி. சமயத்தில் கூடவே பழியும் கிடைக்கும்.

அக்கா பெண் பி.காம். கடைசி வருஷம். அவளுடைய செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவன் நான்தான். சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை போனவன் பஜ்ஜி சாப்பிட்டோமா, பஸ் ஏறினோமா என்று வந்திருக்கலாம். "இதுல தனியா ஒரு கிராபிக்ஸ் சிப் இருக்கும்மா. சும்மா தூங்குது. தட்டி எழுப்பினா படம் பளிச்சுனு இருக்கும்" என்று ஆரம்பித்தேன். சிப் கம்பெனியின் டிரைவரை இணையத்திலிருந்து இறக்கினேன், பொருத்தினேன். பளிச்சென்றுதான் இருந்தது. மறுநாள் சாயங்காலம் வரை.

விஷயம் என்னவென்றால், திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவள் ப்ராஜெக்டைக் கல்லூரியில் கொடுத்தாக வேண்டும். சிறு கடைக்காரர்கள் கணக்கு எழுதும் முறை பற்றி 60 பக்கம். இரண்டு மாசம் கடை கடையாக ஏறி இறங்கிச் சேகரித்தது. அத்தனையும் அந்தக் கறுப்புத் திரைக்குள்ளே!

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். விழுப்புரம் பஸ் நின்றது. ஏறி உட்கார்ந்தேன். என்ஜின் இருக்கிறது, டீசல் இருக்கிறது, ஜனங்கள் இருக்கிறார்கள். பஸ் மட்டும் நகரவில்லை. "டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கார் ஸார்" என்றார் கண்டக்டர்.

கம்ப்யூட்டர் டிரைவரும் இதே கதைதான். லினக்ஸின் உயிர்நாடி கெர்னல். அதற்கு நேராக கிராபிக்ஸ் சிப்பிடம் பேசத் தெரியாது. நடுவில் இருந்து கிளட்ச், கியர் போட ஒரு ஆள் வேண்டும். அதுதான் டிரைவர். அந்த ஆள் இல்லாவிட்டால் என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். நமக்குத் திரை மட்டும் இருட்டு.

கூட்டேரிப்பட்டு தாண்டும்போது அந்தக் காலத்துப் பெரியவர்களை நினைத்து ஆறுதல்பட்டேன். 1990-களில் லினக்ஸில் படம் தெரிய வேண்டுமென்றால் மானிட்டரின் கிடைமட்ட, செங்குத்து வேகங்களை நாமே ஒரு ஃபைலில் எழுதித் தர வேண்டும். தப்பாக எழுதினால் மானிட்டரே பாழாகலாம் என்று எச்சரிக்கை வேறு! இப்போது மானிட்டரே தன் ஜாதகத்தைக் கம்ப்யூட்டரிடம் சொல்லிவிடுகிறது.

ஆனால் எல்லா சிப்பும் அப்படி வாய் திறப்பதில்லை. சில கம்பெனிகள் உள்ரகசியத்தைப் பூட்டி வைத்துக்கொள்ளும். இந்தச் சண்டை பழசு. 1980 வாக்கில் அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்துக்கு வந்த புது பிரிண்டர் அடிக்கடி மாட்டிக்கொண்டது. அதன் மென்பொருளைத் திருத்த மூலத்தைக் கேட்டார் ரிச்சர்ட் ஸ்டால்மன். தர மறுத்தார்கள். அந்தக் கோபமும் சேர்ந்துதான் 1983-ல் அவர் குனு திட்டத்தை அறிவித்தார். 1991-ல் லினக்ஸைத் தந்த லினஸ் டோர்வால்ட்ஸோ, 2012-ல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகக் கூட்டத்தில் ஒரு கிராபிக்ஸ் கம்பெனியின் பெயரைச் சொல்லி, கேமராவுக்கு நேராக நடுவிரலையே காட்டினார். பத்து வருஷம் கழித்து, 2022-ல், அந்தக் கம்பெனி தன் கெர்னல் டிரைவரின் மூலத்தைத் திறந்துவிட்டது. நான் விரல் காட்டுவதானால் கண்ணாடி முன்னால் நின்றுதான் காட்ட வேண்டும்.

விழுப்புரம் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. வாசலில் அக்கா வீட்டுக்காரர். "என்ன மச்சான் பிரச்னை?"

"டிரைவர் வேலை செய்யல மாமா."

"இதுக்கா இவ்வளவு ரகளை? ஒரு ஆக்டிங் டிரைவரைக் கூப்பிட வேண்டியதுதானே!"

சிரிக்கும் நிலையில் நான் இல்லை. உள்ளே போனேன். அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்தவள், தட்டிக்கொண்டிருந்தாள்!

"மாமா, கறுப்பா இருந்தா செத்துப்போச்சுன்னு அர்த்தமில்லே. உள்ளே எல்லாம் இருக்கு. காட்டத்தான் ஆள் இல்லே."

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. பெயர், பாஸ்வேர்ட். 'எல்.எஸ்.' என்று இரண்டு எழுத்து அடித்தாள். ஃபைல்கள் வரிசையாக வந்து நின்றன. நடுவில் அவள் ப்ராஜெக்ட்! பென் டிரைவைச் செருகி முதலில் அதைப் பத்திரப்படுத்தினாள்.

"இதெல்லாம் எங்கே கத்துக்கிட்டே?"

"இங்கேதான் குனு லினக்ஸ் பயனர் குழு இருக்கே மாமா. அங்கே சொல்லித் தந்தாங்க."

காரணத்தையும் அவளே கண்டுபிடித்தாள். சாயங்காலம் லினக்ஸ் 'அப்டேட்' கேட்டிருக்கிறது, சரி என்றிருக்கிறாள். கெர்னல் புதிதாகிவிட்டது. நான் வெளியிலிருந்து கொண்டுவந்த டிரைவரோ பழைய கெர்னலுக்குப் பொருத்தியது. பஸ்ஸை மாற்றிவிட்டுப் பழைய சாவியைப் போட்டால்?

அந்த டிரைவரை நீக்கினாள். மறுபடி ஆன் செய்து, ஆரம்ப மெனுவில் 'இ' அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' என்று சேர்த்தாள். பெரிய டிரைவர் வராவிட்டாலும் பரவாயில்லை, இருப்பதை வைத்து ஓட்டு என்று அர்த்தம். தடித்தடி எழுத்தோடு படம் வந்தது. அடுத்த தடவை ஆன் செய்தால் அந்த உத்தரவு இருக்காது. அந்த ஒரு ட்ரிப்புக்கு மட்டும்தான். ஆக்டிங் டிரைவரேதான்! மாமா மீசையைத் தடவிக்கொண்டார்.

பிறகு லினக்ஸோடு வரும் டிரைவர் மேனேஜரிலிருந்தே சரியான டிரைவரைப் போட்டோம். இது கெர்னல் மாறினால் தானும் சேர்ந்து மாறிக்கொள்ளும். பன்னிரண்டரைக்குப் படம் பளிச்.

அப்போதுதான் ப்ராஜெக்டின் முதல் பக்கத்தைப் பார்த்தேன். ஒற்றைப் பதிவுக் கணக்கு முறையின் ஆபத்துகள்! அதைப் பற்றி 60 பக்கம் எழுதியவள், அதை ஒரே ஒரு பிரதியாக வைத்திருந்தாள். அவளுக்கு இரட்டைப் பதிவு முறையை டியூஷன் எடுத்த வாத்தியார் யார் தெரியுமா?

காபி கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. காலையில் திண்டிவனம் பஸ்ஸில் ஏறினேன். டிரைவர் சீட்டிலேயே இருந்தார். கையெடுத்துக் கும்பிட்டேன்.

"என்ன ஸார்?" என்றார்.

"ஒண்ணுமில்லே. இருக்கீங்களே, அது போதும்!"