புசியாதவருக்கும் ஒரு பந்தி



சென்னையில் பணிபுரியும் நம் சபையின் வாலிபர் ஒருவர், சென்ற அசனப் பண்டிகைக்கு ஆழ்வார்குறிச்சிக்கு வந்திருந்தார். ஆட்டிறைச்சியை மட்டுமல்ல, பால், நெய், தேன், தோல் செருப்பு ஆகியவற்றையும் அவர் விலக்கியிருக்கிறார். இதை ‘வீகன்’ வாழ்வு என்கிறார்கள். “பட்டணத்து நாகரிகம்” என்று பந்தியில் சிலர் நகைத்தார்கள். நானும் சிரித்தேன். அவர் வெறுஞ்சோற்றை உண்டு எழுந்தார். அந்தச் சிரிப்பு இன்றும் என்னை உறுத்துகிறது.

இது பட்டணத்துப் புதுமைதானா? நம் அருகிலுள்ள சிவசைலத்தின் நல்வாழ்வு ஆசிரமம், சமைக்காத தேங்காயையும் பழங்களையும் உணவாகக் கொள்ளும்படி பல ஆண்டுகளாகப் போதித்து வந்தது. வேதத்திலும் தேவன் மனிதனுக்கு அளித்த முதல் ஆகாரம் விதை தரும் பயிர்களும் கனிகளுமே (ஆதியாகமம் 1:29). மாம்சம் உண்ணும் அனுமதி ஜலப்பிரளயத்திற்குப் பின்னரே வந்தது (9:3).

மாம்சம் புசிப்பது பாவமென்று நான் போதிக்கவில்லை. ரோமர் 14-ஆம் அதிகாரம் இரு தரப்பாரையும் எச்சரிக்கிறது: உண்பவருக்கு ஏளனம் தகாது, உண்ணாதவருக்குத் தீர்ப்பிடுதல் தகாது.

நினிவே மாநகருக்காகப் பரிதபித்த தேவன், அதன் ஜனங்களோடு மிருகஜீவன்களையும் நினைத்தார் (யோனா 4:11). அந்த இரக்கத்தின் சாயலைக் கண்டா நாம் நகைப்பது?

அடுத்த அசனத்தில், நெய் சேராத சாம்பார் ஒரு பானையில் தனியே இருக்கட்டும். அதை நானே பரிமாறுவேன்.

கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.