டர்ஃப் போட்டா தண்ணி போயிடுமா பாஸ்?

ஐப்பசி பொறந்தா போதும், நம்ம காலேஜ்கள்ல ஒரு புது ஏரி ரெடி! ஹாஸ்டல் முற்றமோ, கேன்டீன் பின்பக்கமோ, வாலிபால் கோர்ட்டோ... எங்கேயாவது ஒரு இடத்துல தண்ணி கட்டி நிக்கும். ஒரு கையில செருப்பு, இன்னொரு கையில ரெக்கார்ட் நோட்டுனு செங்கல் செங்கலாத் தாவித்தான் கிளாஸுக்குப் போகணும். ஒரு வாரம் கழிச்சு கொசு வரும். அப்புறம் ரூம் ரூமா காய்ச்சல்.

அடுத்து ஒரு மீட்டிங் நடக்கும். யாராவது எழுந்து, "சார், பேசாம டர்ஃப் போட்டுடலாம். சேறும் போயிடும், சாயங்காலம் ஃபுட்பாலும் ஆடலாம்"னு சொல்வாங்க. விசில் பறக்கும். மக்களே, விசிலடிக்கறதுக்கு முன்னாடி கீழே இருக்கற மண்ணை ஒரு வார்த்தை கேட்டீங்களா?

"மண்டையில என்ன களிமண்ணா?"னு வாத்தியார் திட்டுறதுல கொஞ்சம் சயின்ஸ் இருக்கு. களிமண்ல எதுவும் சீக்கிரம் உள்ளே இறங்காது! மணல் துகள் 2 மில்லிமீட்டர் வரைக்கும் இருக்கும். களிமண் துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் கம்மி. துகள் நடுவுல இருக்கற சந்தும் அதே மாதிரி பொடிசு. அதனால மணல் தரை ஒரு மணி நேரத்துல 30 மில்லிமீட்டருக்கு மேல தண்ணி குடிக்கும்னா, களிமண் குடிக்கறது 1 முதல் 5 மில்லிமீட்டர்தான்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோமா? முற்றம் 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். 50 மில்லிமீட்டர் மழை கொட்டினா, வந்து சேர்றது 10,000 லிட்டர். அதை உறிஞ்ச களிமண்ணுக்கு 10 மணி நேரத்துல இருந்து 50 மணி நேரம் வரை ஆகும். பக்கத்து மொட்டை மாடித் தண்ணியும் அங்கேயே விழுந்தா கேக்கவே வேணாம்.

இதுக்கு மேல டர்ஃபை விரிச்சா என்ன ஆகும்? டர்ஃபோட அடியில குட்டிக் குட்டி ஓட்டை இருக்கும். தண்ணி அது வழியா இறங்கி, களிமண் மேலேயே உட்கார்ந்துக்கும். மேல பச்சை, கீழ சொதசொத. சில நாள்ல நாத்தம் ஃப்ரீ!

செயற்கைப் புல்லோட பூர்வீகத்தைப் பார்த்தா விஷயம் இன்னும் தெளிவாகும். அமெரிக்காவுல ஹூஸ்டன் நகரத்தோட ஆஸ்ட்ரோடோம் ஸ்டேடியத்துக்கு மேல கூரை. வெயில் போதாம நிஜப் புல் செத்துப்போச்சு. அதனால 1966-ல் பிளாஸ்டிக் புல்லை விரிச்சாங்க. ஆக, அங்கே அது வெயில் போதாத குறைக்காக வந்த சரக்கு. தண்ணியை வெளியேத்தறது அதோட வேலையே இல்லை.

"அப்போ கரிசல் பூமியான கோவில்பட்டியில செயற்கை ஹாக்கி மைதானம் இருக்கே?"னு கேப்பீங்க. கரெக்ட். ஆனா, இந்த மாதிரி மைதானங்கள்ல நாம பார்க்கறது தோல் மட்டும்தான். நிஜமான வேலை அடியில இருக்கு.

அந்த வேலை இதுதான். முதல்ல மேல்மண்ணை வெட்டி எடுத்துட்டு, தரையைக் கெட்டிச்சு வாட்டம் கொடுக்கணும். 100 சென்டிமீட்டருக்கு 1 சென்டிமீட்டர் சரிவு. டியூப் லெவல் வெச்சு கொத்தனார் கரெக்டா பிடிச்சிடுவார். அது மேல ஜியோ-டெக்ஸ்டைல் துணி. இல்லேன்னா சேறு ஏறி ஜல்லியை அடைச்சிடும். துணி மேல தூள் இல்லாத ஜல்லி, 15 சென்டிமீட்டர். பள்ளமான ஓரத்துல ஒரு வாய்க்கால் வெட்டி, ஓட்டை போட்ட பிவிசி பைப். எல்லாம் முடிஞ்ச பிறகுதான் டர்ஃப்.

ஜல்லிக்கு நடுவுல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு காலி இடம். நம்ம முற்றத்துல அதுவே 10,000 லிட்டர் பிடிக்கும். ஒரு மழையைத் தாங்கிடும். ஆனா பைப்புக்கு வெளியே போக வழி இல்லேன்னா, நாம கட்டினது டர்ஃப் மூடி போட்ட தொட்டி! அடுத்த மழையில பழைய ஏரி திரும்பவும் வந்துடும்.

அந்தத் தண்ணியைத் தெருவுல விடாதீங்க. தமிழ்நாட்டுல 2003-லயே எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிட்டாங்க. பைப்பை அங்கே திருப்பலாம். ஆனா, குழி களிமண்ணைத் தாண்டி மணல் படுகை வரைக்கும் இறங்கணும். இல்லேன்னா அதுவும் கொசுப் பண்ணைதான். இதை சிவில் டிபார்ட்மென்ட் ஆளுங்களுக்கு ஒரு ப்ராஜெக்ட்டாவே கொடுக்கலாமே?

இன்னும் ரெண்டு மேட்டர். ஒண்ணு, உச்சி வெயில்ல பிளாஸ்டிக் புல் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டுறது உண்டு. வெறுங்கால் வெச்சா தோசைக்கல்தான். ரெண்டு, அதுல தூவுற ரப்பர் குருணை மழையில அடிச்சுக்கிட்டு ஓடி மைக்ரோபிளாஸ்டிக்கா சேருது. அதனால, 2031-க்குப் பிறகு இந்தக் குருணையை விற்கக் கூடாதுனு ஐரோப்பிய யூனியன் 2023-லயே சட்டம் போட்டுடுச்சு.

வாட்டமும் பைப்பும் சரியா அமைஞ்சிட்டா, ஜல்லிக்கு மேல மணல் கலந்த மண்ணைப் போட்டு நிஜப் புல்லே வளர்க்கலாம். ஸ்டைலா 'பெர்முடா கிராஸ்'னு சொல்றாங்களே, அது வேற ஒண்ணும் இல்லை... பிள்ளையாருக்குப் போடுற நம்ம அருகம்புல்!

அடுத்த மீட்டிங்ல மூணே மூணு கேள்வி கேளுங்க. வாட்டம் எந்தப் பக்கம்? அடியில எத்தனை சென்டிமீட்டர் ஜல்லி? பைப் எங்கே போய் முடியுது? மூணாவதுக்குப் பதில் வரலேன்னா, கொட்டேஷன்ல கையெழுத்து வேணாம்னு சொல்லுங்க. அது நம்ம ஃபீஸ் காசு ஃப்ரெண்ட்ஸ்!

அதுக்கு முன்னாடி ஒரு ஓசி டெஸ்ட். பாட்டில்ல பாதி மண், மீதி தண்ணி விட்டுக் குலுக்கி வைங்க. மணல் ஓரிரு நிமிஷத்துல அடியில தங்கிடும். மறுநாளும் தண்ணி கலங்கலாவே இருந்தா, உங்க முற்றம் களிமண் கட்சி. பாட்டிலைக் கையோட மீட்டிங்குக்கு எடுத்துட்டுப் போங்க!