சாய்வு நாற்காலியும் பாய்மரமும்

பணி ஓய்வு என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது சாய்வு நாற்காலியே. நம் மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணம் ஈன்ற எழுத்தாளர் தோப்பில் முஹம்மது மீரான், 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற தம் புதினத்திற்கு அதனையே பெயராகச் சூட்டினார். இருந்த இடம்விட்டு எழாத ஒருவரால் ஒரு குடும்பம் சரிவதை அப்புதினம் காட்டும். தமிழ்நாட்டில் அரசுப் பணியின் ஓய்வு வயது 2021இல் 60 ஆயிற்று. அதன் பின்னும் பலருக்கு உடல்நலத்தோடு பல்லாண்டுகள் வாய்க்கின்றன. அவற்றை எவ்வாறு கழிப்பது? குளச்சல் போன்ற கடலோர ஊரில் வாழ்வோர்க்கு நாம் கூறும் விடை ஒன்றுண்டு: பாய்மரப் படகு செலுத்தக் கற்கலாம்.

"இந்த வயதிலா?" என வினவுவோர் உளர். இங்கிலாந்தின் ஜீன் சாக்ரட்டீஸ் அம்மையார் கணிதம் கற்பித்தவர். நடுவயதிற்குப் பின்னரே பாய்மரப் படகு பழகியவர். அவர் 2019இல், தம் 77ஆம் வயதில், எக்கரையையும் தொடாது தனியொருவராய் உலகைச் சுற்றி முடித்தார். சென்னையில் 1911இல் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பைத் தோற்றுவித்தவர் துறைமுகப் பொறுப்புக் கழகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங். கணிதமேதை இராமானுசனுக்கு ஆதரவளித்த அப்பெருமகனும் அப்போது 60 வயதைக் கடந்தவரே.

பாய்மரக்கலை முதுமைக்குப் பொருந்துவதற்குக் காரணம் உண்டு. அதில் உழைப்பது காற்று. மனிதனிடம் அது வேண்டுவது விழிப்பும் பொறுமையும் ஆகும். எதிர்க்காற்றில் படகு நேரே செல்லாது. இடமும் வலமும் மாறி மாறித் திரும்பியே முன்னேறும். வாழ்ந்து முதிர்ந்தோர்க்கு இப்பாடம் புதிதன்று. தமிழர்க்கும் இக்கலை புதிதன்று. காற்றை ஏவல்கொண்டு கலம் செலுத்திய சோழ முன்னோனைப் புறநானூற்றில் வெண்ணிக் குயத்தியார் போற்றுகிறார். கொண்டல், கோடை, வாடை, தென்றல் எனத் திசைக்கொரு பெயரிட்டுக் காற்றை அறிந்தது நம் மொழி.

இது செல்வர் விளையாட்டு அன்றோ எனலாம். பெருநகரங்களில் அவ்வாறு இருக்கலாம். குளச்சலில் ஆசிரியர்கள் கடற்கரையிலேயே இருக்கின்றனர். கட்டுமரம் என்னும் நம் சொல்லை ஆங்கிலமும் ஏற்றுக்கொண்டது. ஆனால் கட்டுமரத்தில் பாய் விரித்து வளர்ந்த தலைமுறை, இயந்திரம் வந்தபின் பாயைச் சுருட்டி வைத்தது. இன்று அவர்கள் முதியோர். அவர்களோடு அவர்தம் காற்றறிவும் மறையும். ஆகவே நம் ஊரில் ஒரு பாய்மரக் கழகம் அமைதல் வேண்டும். ஓய்வு பெற்ற அலுவலரும் ஆசிரியரும் அதில் மாணவராகட்டும். முதிய மீனவர் கற்பிக்கட்டும். களரி பயிற்றுவோரை ஆசான் என அழைக்கும் மாவட்டம் இது. இவரையும் ஆசான் என்றே அழைத்து, தக்க ஊதியமும் அளித்தல் வேண்டும். அவர் சொல்வதை எழுதி வைப்பது கற்போர் கடமை.

உயிர் கொண்ட கடலில் பொழுதுபோக்கா என்னும் வினா கனமானது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையில் குளச்சல் இழந்த உயிர்கள் எண்ணற்றவை. 2017இல் ஒக்கிப் புயலும் குமரி மீனவர் பலரைக் கொண்டது. அத்துயரை மதிப்போர் கடலை எளிதாக எண்ணார். முதற்பயிற்சி மணக்குடிக் காயல் போன்ற அமைதியான நீரில் நிகழ வேண்டும். நீந்தத் தெரிதல், மருத்துவர் ஒப்புதல், உயிர்காப்பு அங்கி, வானிலை எச்சரிக்கைக்குக் கீழ்ப்படிதல் ஆகியன விதிகளாக வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை கடலில் இறங்கலாகாது.

குளச்சலில் பள்ளிவாசல் தெருவும் மீனவர் தெருவும் தொலைவில் இல்லை. சந்தையில் விலை பேசும் நேரம் தவிர, இரு தெருவின் முதியோரும் அமர்ந்து உரையாடும் வேளை குறைவு. படகிலோ, பட்டமும் பதவியும் கரையிலேயே தங்கிவிடும். காற்றறிந்தவர் சொல்லே அங்குச் செல்லும். ஒரு படகில் அவ்விருவரும் அமர்வார்களாயின் அதுவே பெரும்பேறு. சமுதாயப் பெரியோர் இதற்கு முன்வருவார்களாக. மாணவர்கள் தத்தம் இல்லத்து முதியோரைக் கரைவரை அழைத்து வருவார்களாக!